மபூட்டோவை நடந்தே பார்க்க: சிமென்ட் ஊரிலிருந்து நாணல் ஊர் வரை

மொசாம்பிக்கின் தலைநகரம் மபூட்டோவுக்கு வேலையாகப் போகிறவர்களில் பலரும் ஹோட்டல், அலுவலகம், கடற்கரைச் சாலையில் ஒரு இறால் சாப்பாடு, விமான நிலையம் என்று திரும்பிவிடுகிறார்கள். கேட்டால் சின்ன ஊர், பார்க்க ஒன்றும் இல்லை என்பார்கள். நான் அங்கே ஒன்றரை வருடம் இருந்தேன். முதல் மூன்று மாதம் காரிலேயேதான் போய்வந்தேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் கார் பழுதாகி ஒரு வாரம் நடக்க வேண்டி வந்தது, அந்த வாரத்தில்தான் ஊர் பிடிபட ஆரம்பித்தது.

இந்த ஊருக்குள் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. லொரென்சோ மார்க்கெஷ் என்ற பெயரில் போர்த்துக்கீசியர் ஆண்ட காலத்தில், வெள்ளையர்கள் வாழ்ந்த கட்டடப் பகுதியை 'சிமென்ட் நகரம்' என்றும், ஆப்பிரிக்கர்கள் வாழ்ந்த பகுதியை 'நாணல் நகரம்' என்றும் வெளிப்படையாகவே அழைத்தார்கள், ஏனென்றால் அங்கே வீடுகளின் சுவர்கள் நாணல் தட்டியால் ஆனவை. இரண்டுக்கும் நடுவே வளைந்து ஓடிய ஒரு சுற்றுச்சாலைதான் எல்லை. அந்தச் சாலை இன்றும் இருக்கிறது, மரியன் ங்குவாபி அவென்யூ என்று பெயர் மட்டும் மாறியிருக்கிறது. மபூட்டோவுக்குப் போனால் அந்தச் சாலையை ஒரு தடவையாவது காலால் கடந்துவிட வேண்டும். அதை மனதில் வைத்தே இந்த வழிகாட்டியை மூன்று நாள் நடையாகப் பிரித்திருக்கிறேன்: முதல் நாள் கீழ் ஊர், இரண்டாம் நாள் மேட்டுப் பகுதி, மூன்றாம் நாள் அந்த எல்லைச் சாலைக்கு அந்தப் பக்கம்.

கிளம்புவதற்கு முன்

மே முதல் செப்டம்பர் வரை போனால் நடப்பது சுகம், வெயிலும் கடுமையாக இருக்காது, மழையும் குறைவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புழுக்கமும் மழையும் சேர்ந்து வாட்டும். ஆனால் ஒரு விஷயம் நம் ஆட்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது: அங்கே ஜூன் மாதத்தில் மாலை 5 மணி தாண்டினதும் சூரியன் மறைந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகக் கிளம்பலாம் என்று நினைத்தால் பாதி வழியில் இருட்டிவிடும். எந்த மாதமாக இருந்தாலும் காலை 7 மணிக்கே நடையைத் தொடங்குங்கள், இருட்டிய பிறகு நடக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கும் இடமாக இருந்தாலும் வண்டி பிடியுங்கள். அந்த வண்டி நமக்குப் பழக்கமானதுதான், நம்ம ஊர் ஆட்டோவேதான், அங்கே 'சொப்பேலா' என்பார்கள். ஏறும் முன்பே கூலியைப் பேசி முடித்துவிட வேண்டும். மக்கள் நெருக்கியடித்துப் போகும் மினி வேனுக்கு 'ஷாப்பா' என்று பெயர்.

பாஸ்போர்ட்டின் நகலையும் விசா பக்கத்தின் நகலையும், அங்கேயே சான்றளிக்க வைத்து, எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள். வழியில் போலீஸ்காரர்கள் அடையாளம் கேட்பது சாதாரணம், கேட்டால் பதற்றப்படாமல் 'போம் தியா' என்று காலை வணக்கம் சொல்லி நகலைக் காட்டினால் போதும். அரசுக் கட்டடங்கள், காவலர்கள், ராணுவத்தினர் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. ஜனாதிபதி மாளிகை இருக்கும் பொன்டா வெர்மெல்யா பக்கம் அதன் முன்னால் உள்ள நடைபாதையில் நடக்கவும் அனுமதி இல்லை, எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போங்கள். 2024 அக்டோபர் தேர்தலுக்குப் பிறகு சில மாதங்கள் ஊரில் பெரிய போராட்டங்கள் நடந்தன, அதனால் கிளம்பும் வாரத்தில் செய்தியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

செருப்பு வேண்டாம், கெட்டியான ஷூ போடுங்கள். நடைபாதைகளில் மரவேர்கள் கல்லைத் தூக்கிவிட்டிருக்கும், மூடியில்லாத குழிகளும் உண்டு. இரண்டாவது வாரமே நான் ஒன்றில் காலை விட்டுக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டேன். வாகனங்கள் நம் ஊரைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓடும் என்பதால் சாலையைக் கடக்கும்போது குழப்பம் இருக்காது.

மொழி போர்த்துக்கீசியம். ஆண்கள் நன்றி சொல்ல 'ஒப்ரிகாது', பெண்கள் 'ஒப்ரிகாதா'. உள்ளூர் மொழியில் நன்றிக்கு 'கனிமம்போ' என்று சொல்லிப் பாருங்கள், காய் விற்கும் அம்மாவின் முகமே மாறிவிடும். ஒரு கடைக்காரரிடம் வணக்கம் சொல்லாமல் நேரே விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

முதல் நாள்: கீழ் ஊர்

கடலை ஒட்டிய பழைய பகுதிக்குப் 'பைஷா' என்று பெயர், கீழே இருப்பது என்று அர்த்தம். ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். 1908-இல் தொடங்கி 1916 வாக்கில் முடிந்த கட்டடம், நடுவில் பெரிய செம்புநிறக் குவிமாடம். பாரிஸ் கோபுரத்தைக் கட்டிய ஐஃபெல் கட்டியது என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள், அது உண்மையில்லை. அழகைப் பார்த்துவிட்டு, அது ஏன் அங்கே இருக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள்: 1890-களில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கப் பகுதிக்கு இங்கிருந்து ரயில் பாதை போட்ட பிறகுதான் இந்த ஊர் பெரிய ஊரானது. தலைமுறை தலைமுறையாக மொசாம்பிக் ஆண்கள் சுரங்க வேலைக்குப் போனதும் இந்தத் தண்டவாளத்தில்தான். உள்ளே ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய நீராவி எஞ்சின்களைப் பார்க்கலாம்.

வெளியே வந்தால் சதுக்கத்தின் நடுவில் கல்லால் ஆன ஒரு பெரிய பெண் சிலை, பக்கத்தில் ஒரு பாம்பு. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1935-இல் வைத்தது. ஆனால் ஊர்க்காரர்கள் வேறு கதை சொல்வார்கள். அங்கே ஒரு மரத்தில் பெரிய பாம்பு இருந்ததாம், கீழே போகிறவர்களின் தலையில் விழுந்து கொன்றுகொண்டிருந்ததாம். ஒரு பெண் கொதிக்கும் கஞ்சிப் பானையைத் தலையில் சுமந்துகொண்டு அதன் அடியில் நடந்து போனாளாம், பாம்பு நேரே பானைக்குள் விழுந்து செத்ததாம். போர் நினைவுச் சின்னத்தை அவர்கள் தங்கள் சொந்தக் கதையாக்கிக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தப் பக்கம் யாரிடமாவது கேளுங்கள், ஒவ்வொருவரும் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள்.

சதுக்கத்திலிருந்து கிழக்கே போகும் பகமோயோ தெருவில் நடங்கள். ஒரு காலத்தில் அராவுஜோ தெரு என்ற பெயரில் மாலுமிகளின் மதுக்கடைகளுக்குப் பேர் போனது. பகலில் அமைதியாக இருக்கும், இரும்புக் கம்பி பால்கனிகளுடன் பழைய கட்டடங்கள் சில மிச்சம். தெரு முடியும் சதுக்கத்தில் செங்கல் நிறக் கோட்டை. இன்று பார்க்கும் வடிவம் பெரும்பாலும் 1940-களில் திரும்பக் கட்டியது, அதனால் 'பழைய கோட்டை' என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் உள்ளே கட்டாயம் போங்கள். முற்றத்தில் மௌஸின்யோ டி அல்புகெர்க்கே என்ற போர்த்துக்கீசிய அதிகாரியின் குதிரைச் சிலை நிற்கிறது. 1895-இல், தெற்கு மொசாம்பிக்கில் இருந்த காசா பேரரசின் மன்னர் குங்குன்யானாவைச் சிறைபிடித்தவர் இவர். அந்தக் காட்சியைச் செதுக்கிய வெண்கலத் தகடும் சுவரோரம் இருக்கிறது. அதே கோட்டைக்குள் இன்னொரு அறையில் மரத்தில் வேலைப்பாடு செய்த ஒரு சவப்பெட்டி. தொலைதூர அசோர்ஸ் தீவில் கைதியாகவே 1906-இல் இறந்த குங்குன்யானாவின் எச்சங்கள் 1985-இல் நாடு திரும்பின, அவற்றுக்கான பெட்டி அது. பிடித்தவனின் சிலையும் பிடிபட்டவனின் பெட்டியும் ஒரே கோட்டைக்குள். அங்கே அவசரப்படாமல் உட்கார்ந்திருங்கள்.

அடுத்து வடக்கே திரும்பி 25 செப்டம்பர் அவென்யூவுக்கு வாருங்கள். 1964-இல் விடுதலைப் போர் தொடங்கிய நாளின் பெயர். இங்கேதான் மத்தியச் சந்தை. முந்திரி, உலர்ந்த இறால், காந்தாரி மிளகாய் போன்ற பிரிபிரி, தேங்காய், ஓலைக்கூடைகள். குவித்து வைத்த மசாலாப் பொடியைக் காட்டிப் பெயர் கேட்டால் 'கரில்' என்பார்கள். நம்முடைய 'கறி'தான் போர்த்துக்கீசியர் வாயில் அப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறது. மாம்பழத்துக்கு 'மங்கா' என்று சொல்வதும் நம் பக்கத்து மாங்காயிலிருந்து போனதுதான். அவ்வளவு தூரத்தில் நம் பக்கத்துச் சொற்கள் இரண்டு கூடையில் விற்பனைக்கு இருப்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருந்தது.

சந்தைக்கு அருகே 'காசா எலெஃபான்டே' என்ற துணிக்கடை, 1919 முதல் இருக்கிறது. அங்கே விற்கும் 'கப்புலானா' என்பது கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளமுள்ள பூப்போட்ட பருத்தித் துணி. இடுப்பில் கட்டுவதும் குழந்தையை முதுகில் கட்டுவதும் கல்யாணத்துக்குக் கொடுப்பதும் எல்லாம் அதுதான். இந்திய வணிகர்கள் வழியாகப் பரவிய துணி, இன்றும் பல துணிகள் இந்தியாவில் அச்சாகித்தான் அங்கே போகின்றன. ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள், சில துணிகளில் ஓரத்திலேயே வாசகங்கள் அச்சிட்டிருக்கும். அந்தப் பக்கத்துச் சந்துகளில் குஜராத்தி வேர் கொண்ட குடும்பங்களின் கடைகளும் பழைய ஜும்மா மசூதியும் இருக்கின்றன.

பசி எடுத்திருக்கும். தெருவோரம் பாத்திரத்தில் 'பஜியா' வைத்திருக்கும் பெண்ணைத் தேடுங்கள். பெயர் நமக்குத் தெரிந்த பஜ்ஜிதான், ஆனால் காராமணியை ஊறவைத்து அரைத்துப் பொரிப்பதால் மசால்வடைக்குத்தான் கிட்ட வரும். நாலைந்தைச் சூடான பன்னுக்குள் வைத்து அமுக்கிக் கொடுப்பார்கள். மபூட்டோவின் உழைப்பாளிகள் காலையில் சாப்பிடுவது இதுதான், சைவக்காரர்களுக்கு இதைவிட நிம்மதியான உணவு அந்த ஊரில் கிடைப்பது கஷ்டம்.

அங்கிருந்து சமோரா மஷேல் அவென்யூவில் மேலே ஏறுங்கள். ஒரு பக்கம் 1885-இல் உருவான துண்டுரு தாவரவியல் பூங்கா, மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகத் தொங்கும். சனிக்கிழமையாக இருந்தால் மணமக்கள் வரிசையாகப் புகைப்படம் எடுக்க வருவார்கள், உறவுக்காரர்கள் பாடிக்கொண்டே கூட வருவார்கள். கொஞ்சம் மேலே இரும்பு வீடு. முழுக்க இரும்புத் தகடால் 1892 வாக்கில் ஆளுநருக்காகக் கொண்டுவந்து பூட்டியது. அந்த வெயிலில் இரும்புக்குள் யார் இருப்பது? ஆளுநர் குடியேறவே இல்லை.

உச்சியில் சுதந்திரச் சதுக்கம், நடுவில் முதல் ஜனாதிபதி சமோரா மஷேலின் உயரமான வெண்கலச் சிலை. 1986-இல் விமான விபத்தில் இறந்தவர், 25 வருடம் கழித்து 2011 அக்டோபரில் இந்தச் சிலையைத் திறந்தார்கள். காலையில் கோட்டைக்குள் பார்த்த குதிரைச் சிலை, 1975-இல் நாடு விடுதலை அடையும் வரை இதே சதுக்கத்தில்தான் நின்றது. அதனால்தான் கோட்டையை முதலில் பார்க்கச் சொன்னேன்.

இரண்டாம் நாள்: மேடு

இந்த நாள் லேசானது. தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் பாதி உலக வரலாறு வந்துவிடும்: கார்ல் மார்க்ஸ், லெனின், ஹோ சி மின், மா சே துங், லுமும்பா, நியரேரே, அயெந்தே. எல்லாம் விடுதலைக்குப் பிறகு வைத்தவை. ஒரு பெயர் மட்டும் பழசு, '24 ஜூலை' அவென்யூ. 1875-இல் அந்த நாளில்தான் பிரெஞ்சு ஜனாதிபதி மக்மஹோன் இந்த வளைகுடா பிரிட்டனுக்கு இல்லை, போர்த்துக்கலுக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னார். சரியாக நூறு வருடம் கழித்து, 1975 ஜூலை 24-இல் புதிய அரசு பள்ளி, மருத்துவமனை, நிலம் எல்லாவற்றையும் தேசியமயமாக்கியது. பெயர்ப்பலகை அப்படியே இருக்க, அர்த்தம் மட்டும் மாறிவிட்டது.

அக்டோபர், நவம்பரில் போனால் இந்தத் தெருக்கள் முழுக்க ஜக்கரண்டா ஊதாப் பூ கொட்டும், அதைத் தொடர்ந்து குல்மோகர் சிவக்கும். நமக்கு மே மாதப் பூ, அங்கே வருடக் கடைசியில் பூக்கிறது. அதன் சொந்த ஊர் எதிரே கடல் தாண்டி இருக்கும் மடகாஸ்கர்தான்.

கட்டடப் பிரியர்கள் பான்ச்சோ கெடெஷ் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1925 முதல் 2015 வரை வாழ்ந்த கட்டடக் கலைஞர், 1950, 60-களில் இந்த ஊரில் ஏராளமாகக் கட்டினார். சல்வடோர் அயெந்தே அவென்யூ பக்கம் இருக்கும் 'சிரிக்கும் சிங்கம்' அடுக்குமாடி வீடு அவருடையது, பல்லும் முதுகெலும்புமாக ஒரு மிருகம் படுத்திருப்பது போல இருக்கும். மக்கள் குடியிருக்கும் வீடு, வெளியிலிருந்து பார்த்தால் போதும். க்வாமே ந்க்ரூமா அவென்யூவில் இருக்கும் போலானா புனித அந்தோணியார் தேவாலயம் வேறொருவர் வடிவமைத்து 1962-இல் கட்டியது, எலுமிச்சை பிழியும் கருவியைக் கவிழ்த்து வைத்த வடிவம், ஊர்க்காரர்களும் அப்படியே அழைக்கிறார்கள். உள்ளே போய் மேலே பாருங்கள், வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் கூம்பு முழுக்க இறங்கும்.

அங்கிருந்து ஃப்ரெட்ரிக் ஏங்கல்ஸ் தெருவுக்குப் போனால் மேட்டின் விளிம்பு, கீழே முழு வளைகுடா. மதியத்துக்கு மேல் நடையை நிறுத்திவிட்டு, சொப்பேலா பிடித்துக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மீன் சந்தைக்குப் போங்கள். மீனையோ இறாலையோ நீங்களே எடைபோட்டு வாங்கி, அங்கேயே சமையல் கடையில் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள். சமையல் கூலியையும் கூடவே வரும் சோறு, உருளைக்கிழங்கின் விலையையும் உட்காரும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தை வேண்டாம் என்றால் கீழே துறைக்குப் போய் அக்கரையில் இருக்கும் கட்டேம்பேவுக்குப் படகு ஏறலாம். 2018 நவம்பரில் 680 மீட்டர் நடுத்தாங்கலுடன் பெரிய தொங்குபாலம் திறந்துவிட்டார்கள், ஆனால் அதில் நடக்க முடியாது. படகிலிருந்துதான் ஊரின் முழு வரிசையும் கண்ணுக்குக் கிடைக்கும். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே கேளுங்கள்.

மூன்றாம் நாள்: மஃபலாலா

இது பழைய நாணல் நகரத்தின் ஒரு பகுதி, இங்கே தனியாகப் போகாதீர்கள். ஆபத்து என்பதைவிட, ஆட்களின் வாசலுக்குள் நுழைவது போன்ற சந்துகள் அவை, யாரும் கூட வராமல் கேமராவோடு உலாவுவது சரியில்லை. இவெர்க்கா என்ற உள்ளூர்ச் சங்கம் பல வருடமாக நடைப் பயணம் நடத்துகிறது, அந்தப் பகுதியிலேயே வளர்ந்த இளைஞர்கள் வழிகாட்டுவார்கள், 2019-இல் ஒரு சிறிய அருங்காட்சியகத்தையும் அங்கேயே தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு நாள் முன்பே சொல்லிவையுங்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அங்கேயே தங்கும் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

மரியன் ங்குவாபி அவென்யூவைக் கடந்ததும் மாற்றம் தெரியும். சந்துகள் மணலாகும், இரண்டு பேர் ஒதுங்கித்தான் போக முடியும். பழைய வீடுகள் மரச்சட்டத்தில் துத்தநாகத் தகடு அடித்தவை. வறுமையால் மட்டும் அப்படிக் கட்டவில்லை. குடியேற்ற அரசு அங்கே செங்கல், சிமென்டில் நிரந்தர வீடு கட்ட ஆப்பிரிக்கர்களை அனுமதிக்கவில்லை, எப்போது வேண்டுமானாலும் இடித்துத் தள்ள வசதியாக. புறநகர்களில் சிலர் நாணல் தட்டிக்கு உள்ளே, அதிகாரிகள் கண்ணில் படாமல், ரகசியமாகச் சிமென்ட் கல் சுவர் எழுப்பினார்கள். வீட்டுக்குள் ஒளித்து வீடு கட்டிய அந்த மனிதர்களை நினைத்துக்கொண்டே அந்தத் தகடுகளைப் பாருங்கள்.

இந்தச் சின்ன இடத்திலிருந்து வந்தவர்களின் பட்டியல் நம்ப முடியாதது. 1942-இல் பிறந்து, 1966 உலகக் கோப்பையில் 9 கோல் அடித்த எயூசேபியோ இங்கேதான் வெறுங்காலில் பந்து உதைத்து வளர்ந்தார். போர்த்துக்கீசிய மொழி இலக்கியத்தின் உயரிய விருதான கமோயிஷ் பரிசை 1991-இல் வாங்கிய முதல் ஆப்பிரிக்கர், கவிஞர் ஜோசே க்ராவெய்ரின்யா இந்தப் பகுதிக்காரர். கவிஞர் நோயேமியா டி சோசா இங்கே வாழ்ந்தார். செவிலியராக வேலை பார்த்த காலத்தில் சமோரா மஷேலும், மாணவராக இருந்தபோது அடுத்த ஜனாதிபதி ஷிசானோவும் இங்கே தங்கியவர்கள். சுவர்களில் இவர்களுடைய ஓவியங்களைப் பார்க்கலாம். மர்ரபென்டா இசைக்குக் கால்கள் ஆடப் பழகியதும் இந்த மாதிரி முற்றங்களில்தான்.

வடக்கு மொசாம்பிக்கிலிருந்து வந்து குடியேறிய மக்குவா இன மக்கள் இங்கே நிறைய, மஃபலாலா என்ற பெயரே அவர்களுடைய ஒரு ஆட்டத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். பயணத்தை ஏற்பாடு செய்யும்போதே 'டுஃபு' ஆட்டம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே மாதிரிக் கப்புலானா கட்டிய பெண்கள், தட்டை மேளங்களின் தாளத்துக்குத் தோளும் கையும் மட்டும் அசைய ஆடுவார்கள், முகத்தில் வெள்ளைப் பூச்சு. 'முசீரோ' என்ற கட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு அரைத்து எடுக்கும் குழம்பு அது, நம் வீட்டில் சந்தனம் இழைப்பதைப் போலவேதான். ஒரு அம்மா என் கன்னத்திலும் ஒரு கோடு இழுத்துவிட்டார், காய்ந்ததும் குளிர்ச்சியாக இழுத்துப் பிடித்தது.

நடை முடிந்ததும் அங்கேயே சாப்பிடுங்கள். 'மட்டாப்பா' இருந்தால் விடாதீர்கள்: மரவள்ளி இலையை இடித்து, நிலக்கடலைப் பொடியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்க வைத்தது, சோற்றோடு பிசைந்தால் கீரை மசியலும் தேங்காய்க் குழம்பும் கலந்த மாதிரி இருக்கும். பெரும்பாலும் இறாலோ நண்டோ போட்டிருப்பார்கள், சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். யாரையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம், குழந்தைகளை எடுப்பதாக இருந்தால் அம்மாவிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் தாழ்வான சந்துகளில் தண்ணீர் நிற்கும், பல வீடுகளில் வாசலிலேயே மணல் மூட்டை அடுக்கியிருப்பார்கள், அதைப் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்குவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

திரும்பும்போது வண்டி பிடிக்காதீர்கள். வழிகாட்டியை அவென்யூ வரைக்கும் கூட வரச் சொல்லி, பகல் வெளிச்சம் இருக்கும்போதே அங்கிருந்து தெற்கே '24 ஜூலை' வரை நடந்தே இறங்குங்கள், நேராகப் போகும் பெரிய சாலையாகப் பார்த்து. நடைபாதை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது, முதல் மரநிழல் எங்கே விழுகிறது, மழைநீர் வடிகால் மூடி எங்கிருந்து கண்ணில் படுகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள்.